முத்தம் பற்றி ஏழு கேள்விகள், இத்தாலியிலிருந்து பதில்கள்

கேள்வி: 'பிரெஞ்சு கிஸ்' மாதிரி இத்தாலிக்காரர்களுக்கென்று தனி முத்தம் உண்டா அக்கா?

பதில்: கிடையாது. 'இத்தாலிய முத்தத்துக்குப் பத்து படிகள்' என்று வருகிற கட்டுரைகளை நம்பி ஏமாறாதீர்கள். வித்தியாசம் உதட்டில் இல்லை, இடத்தில்தான். இங்கே பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியே போகவே சராசரியாக 30 வயது ஆகிறது. வீட்டில் அம்மா, அப்பா, சில வீடுகளில் பாட்டியும். காதலர்கள் எங்கே போவார்கள்? ஊர்ச் சதுக்கத்துப் படிக்கட்டு, ஆற்றோரச் சுவர், பூங்கா பெஞ்ச், ஓரமாக நிறுத்திய கார். முத்தம் தெருவுக்கு வந்தது இப்படித்தான், பார்க்கிறவர்களுக்கும் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் இதை இத்தாலிய ரத்தத்தின் சூடு என்கிறார்கள். எனக்கென்னவோ பாதிக் காரணம் வீட்டு வாடகை என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி: மிலானுக்குப் படிக்க வருகிறேன் அக்கா. ஒரு பெண் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டால் என்ன அர்த்தம்?

பதில்: 'வணக்கம்' என்று அர்த்தம், தம்பி. கன்னத்தோடு கன்னம் லேசாகப் படும், உதடு காற்றில் சத்தம் மட்டும் போடும். அதுவும் பழகிய பிறகுதான்; முதல் சந்திப்பில் பெரும்பாலும் கைகுலுக்கல். தெற்கே போனால் ஆண்களும் ஒருவருக்கொருவர் இப்படிச் செய்வார்கள். அப்புறம், அவள் 'தி வோலியோ பேனே' என்று சொன்னாலும் அவசரப்படாதீர்கள். உன் நன்மையை விரும்புகிறேன் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அம்மாவுக்கும் தோழிக்கும்கூட அதையே சொல்வார்கள். காதலென்றால் 'தி ஆமோ'.

கேள்வி: முத்தத்துக்கு அவர்கள் மொழியில் எத்தனை சொற்கள்?

பதில்: பொதுச் சொல் 'பாச்சோ'. இளசுகள் நீண்ட முத்தத்தை 'லிமோனாரே' என்கிறார்கள். லிமோனே என்றால் எலுமிச்சை. நாப்போலிக்காரர்களுக்கு முத்தமிடுவது 'வசா'. பழைய ரோமர்கள் இன்னும் நுணுக்கமானவர்கள். மரியாதை முத்தம் ஓஸ்குலும், அன்பு முத்தம் பாசியும், காம முத்தம் சாவியும் என்று பொதுவாகப் பிரிப்பார்கள், கறாராக அல்ல. நடுவில் இருப்பதுதான் இன்றைய பாச்சோ. வெரோனாவில் பிறந்த கவிஞர் கட்டுல்லஸ், கி.மு. முதல் நூற்றாண்டிலேயே காதலியிடம் ஆயிரம் முத்தம் கொடு, பிறகு நூறு, மறுபடி ஆயிரம் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் கணக்கைக் கலைத்துவிடுவோம் என்கிறார். ஏன் தெரியுமா? எண்ணிக்கை தெரிந்தால் பொல்லாதவன் எவனாவது கண் வைத்துவிடுவானாம்! நம் ஊர்ப் பாட்டி சொல்வது போலவே இல்லையா?

கேள்வி: முத்தத்துக்குச் சட்டம்கூட இருந்ததாமே?

பதில்: இருந்தது. 4ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்டது. முத்தத்தோடு நிச்சயமாகி, கல்யாணத்துக்கு முன் இருவரில் ஒருவர் இறந்துபோனால், மாப்பிள்ளை கொடுத்த பரிசில் பாதி பெண் வீட்டுக்கு. முத்தமில்லாத நிச்சயமென்றால் முழுவதும் திரும்பிப் போக வேண்டும்.

கேள்வி: 'பாச்சி' சாக்லேட் பெட்டியில் இருக்கும் அந்த முத்த ஓவியம் யாருடையது?

பதில்: நல்ல கேள்வி, இதற்காகவே காத்திருந்தேன். மூலம் பிரான்செஸ்கோ ஹாயெஸ் 1859இல் வரைந்த 'இல் பாச்சோ'. மிலானில் ப்ரேரா கலைக்கூடத்தில் இருக்கிறது; நேரில் பார்த்தால் அந்தப் பெண்ணின் நீலப் பட்டு உடையின் மினுமினுப்பை விட்டுக் கண் நகராது. ஆனால் அவளை முத்தமிடுகிறவனின் காலைக் கவனியுங்கள். ஒரு கால் படியில், கிளம்பத் தயாராக. மேலங்கிக்குள் குத்துவாள். பின்னால் சுவரோரம் ஒரு நிழல். ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்துப் போருக்குப் போகிறவன் விடைபெறும் முத்தம் அது என்றே இத்தாலியர்கள் படித்தார்கள். அவன் இத்தாலி, நீல உடை பெண் துணைக்கு வந்த பிரான்ஸ் என்பது கலை வரலாற்றாசிரியர்கள் சொல்லும் விளக்கம்.

சாக்லேட் கதை வேறு. பெருஜா நகரில் லூயிசா ஸ்பன்யோலி 1922இல் நொறுங்கிய ஹேசல்நட் துண்டுகளைச் சாக்லேட்டோடு பிசைந்து, உச்சியில் ஒரு முழுக் கொட்டையை வைத்தார். மடக்கிய முஷ்டி போல இருந்ததால் 'கட்சோட்டோ', அதாவது குத்து, என்று பெயர். கடைக்குப் போய் 'ஒரு குத்து கொடுங்கள்' என்று யார் கேட்பார்கள்? அதனால் அவருடைய தொழில் கூட்டாளி ஜொவான்னி புய்தோனி பெயரை பாச்சி, அதாவது முத்தங்கள், என்று மாற்றினார். பெட்டிக்குப் படம் போட்ட ஃபெதெரிகோ செனெகா, ஹாயெஸின் ஜோடியை நட்சத்திர வானத்தடியில் நிறுத்திவிட்டார். தாளைப் பிரித்தால் உள்ளே ஒரு காதல் வரி இருக்கும்.

கேள்வி: வெனிஸில் பெருமூச்சுப் பாலத்தடியில் படகில் முத்தமிட்டால் காதல் நிலைக்குமாமே?

பதில்: அது சிறைக்குப் போகும் பாலம். 1600 வாக்கில் கட்டியது. பெருமூச்சு கைதிகளுடையது. முத்த நம்பிக்கையை ஊரெல்லாம் பரப்பியது 1979இல் வந்த ஒரு ஆங்கிலப் படம். படகுக் கூலியும் கொஞ்சநஞ்சமல்ல. ஆசையிருந்தால் போங்கள், நான் தடுக்கவில்லை.

கேள்வி: முத்தத்தை வைத்துச் சொல்வழக்குகள் உண்டா?

பதில்: நிறைய. பதமாக வெந்த பாஸ்தா 'அல் பாச்சோ'. பல்கலைக்கழகத்தில் 110க்கு 110 வாங்கிச் சிறப்புப் பாராட்டும் பெற்றவருக்கு, அதற்கும் மேலே 'கல்வி முத்தம்' என்றொரு மரியாதை உண்டு. எனக்குப் பிடித்தது யாப்பில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே ஓசையில் முடிந்தால், நாம் இயைபு என்போமே, அதை அவர்கள் 'ரீமா பாச்சாதா' என்கிறார்கள்: முத்தமிட்ட இயைபு. ஆனால் இத்தாலிய இலக்கியத்திலேயே பேர்போன முத்தம் அந்த யாப்பில் இல்லை. ஒரு புத்தகத்தைச் சேர்ந்து படிக்கும்போது பாவ்லோ நடுங்கிக்கொண்டே பிரான்செஸ்காவை முத்தமிடும் இடத்தை, கவிஞர் தாந்தே, நரகப் பயணத்தைப் பாடும் தன் காவியத்தின் ஐந்தாம் காண்டத்தில் 'ரீமா இன்கத்தெனாதா'வில் எழுதினார். சங்கிலியிட்ட இயைபு.