வாசகர் கேள்வி பதில்: காதருகே பேசாதீர்கள்

கேள்வி: நிஜமான ஓர் இடத்தை 360 டிகிரியில் படமெடுத்து, பார்ப்பவர் தன் இஷ்டத்துக்குச் சுற்றிவரும்படி விர்ச்சுவல் டூர் செய்யப்போகிறேன். வழிகாட்டிக் குரல் கட்டாயம் வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. வேண்டும் என்பார்கள், கேட்காதீர்கள். தானாகச் சுற்ற வந்தவரிடம் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அது வீடியோதான். படத்தில் ஆங்காங்கே ஹாட்ஸ்பாட், அதாவது தொடுவதற்கான குறி, வைத்துவிடுங்கள், தொட்டவருக்கு மட்டும் விளக்கம் வரட்டும்.

1978-லேயே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) ஆட்கள் இப்படித் தானாகச் சுற்றும் டூரைச் செய்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஆஸ்பென் நகரத் தெருக்களில், காரின் மேல் கேமராக்களைப் பொருத்தி, பத்தடிக்கு ஒருமுறை படமெடுத்து லேசர் டிஸ்க்கில் ஏற்றினார்கள். பார்ப்பவர் நேரே போகலாம், முனை வந்தால் இடமோ வலமோ திரும்பலாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: அதே தெருவை இலையுதிர் காலத்திலிருந்து பனிக்காலத்துக்கு மாற்றியும் பார்க்கலாம். கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்ததே 2007-ல்தான்!

உங்கள் உழைப்பையெல்லாம் கேமராவை எங்கே நிறுத்துவது என்பதில் போடுங்கள். இதே தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், பாதி டூர்கள் கெடுவது அங்கேதான். கண் மட்டத்து உயரம் போதும். ஸ்டாண்டை உயர்த்திவிட்டால் பார்ப்பவர் மிதக்கிறார். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி தெரிய வேண்டும். இரண்டு அறைகளுக்கு நடுவே வாசற்படியிலேயே ஒரு படம் எடுங்கள். இல்லாவிட்டால் சுவரைத் துளைத்துக்கொண்டு போன மாதிரி இருக்கும். தாவும்போது பார்வையின் திசையும் மாறக்கூடாது. கிழக்கே பார்த்து நடந்தவர் அடுத்த படத்தில் மேற்கே பார்த்து நின்றால் தலை சுற்றும், டூரை மூடிவிடுவார்.

கேள்வி: திரையிலேயே எல்லாம் பார்த்துவிட்டால் நேரில் யார் வருவார்கள்?

பதில்: வருகிறவர் வருவார். ஆனால் வரவே கூடாத இடங்களும் உண்டே! பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940-ல் வெளிப்பட்டன. கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் மூச்சே சுவர்களைக் கெடுத்ததால் 1963-ல் குகையை மூடினார்கள். இன்று அந்நாட்டுக் கலாசார அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே உலவலாம்.

கேள்வி: 8000 பிக்சல் அகலத்தில் படமெடுத்தும் பலகையில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரிகிறதே?

பதில்: அந்த 8000 பிக்சலும் முழு வட்டத்துக்குச் சேர்த்து. திரையில் 90 டிகிரி தெரிகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 2000-தான். பலகையைச் சாதாரண கேமராவில் கிட்டே போய்த் தனியாக எடுத்து, ஹாட்ஸ்பாட்டில் மாட்டிவிடுங்கள். முன்னும் பின்னும் இரண்டு லென்ஸ் உள்ள கேமராவாக இருந்தால், பலகை லென்ஸுக்கு நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். இரு லென்ஸின் படங்களும் ஒட்டும் கோட்டில் பலகை மாட்டினால் எழுத்து இரண்டாக உடையும்.