மகள் தனியாக 300 கடல்மைல் பறக்கிறாள்: "பாதுகாப்பு விமானி"க்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 20. மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகருக்குத் தெற்கே உள்ள ஜண்டாகோட் விமான நிலையத்தில் வர்த்தக விமானி உரிமத்திற்காகப் பயிற்சி பெறுகிறாள். இன்னும் எந்த உரிமமும் கைக்கு வரவில்லை. அடுத்த மாதம் ஒற்றை எஞ்சின் செஸ்னா 172 விமானத்தில் 300 கடல்மைலுக்கு மேல் தனியாகப் பறந்துவர வேண்டுமாம். நரோஜின், ஆல்பனி ஆகிய ஊர்களில் இறங்கித் திரும்புவாள் என்கிறாள். நடுவழியில் எஞ்சின் நின்றால், வழி தவறினால் என்ன ஆகும் என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளைப் பள்ளியில் சேர்த்துவிட்ட சிங்கப்பூர் முகவர், இன்னும் 1,800 வெள்ளி கட்டினால் அனுபவமுள்ள "பாதுகாப்பு விமானி" ஒருவரை உடன் அனுப்பலாம், பதிவேட்டில் தனிப்பயணம் என்றே எழுதிக்கொள்ளலாம் என்கிறார். கட்டலாமா? (செங்காங் வாசகி)

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. அந்த 1,800 வெள்ளிக்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது பாதுகாப்பு அன்று, உங்கள் மகளின் பதிவேட்டில் ஒரு பொய். தனிப்பயணம் என்றால் விமானத்துக்குள் அவள் ஒருத்தி மட்டுமே இருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் இன்னொரு விமானி அமர்ந்த கணமே அந்தப் பயணம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அப்படி எழுதிய ஒரு வரி பின்னாளில் வெளிப்பட்டால், அவள் நேர்மையாகப் பறந்த மற்ற மணி நேரங்களையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். இத்தகைய முகவர்கள் பெரும்பாலும் அமெரிக்க விதியைக் காட்டுவார்கள். வர்த்தக உரிமத்திற்கான நீண்ட பயணத்தில் பயிற்றுநர் உடன் இருக்க அங்கே ஒரு வழி உண்டு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகள் படிப்பது ஆஸ்திரேலியாவில். அந்த விதி அவளுக்கு உதவாது.

இந்த நீண்ட பயணம் பள்ளி தன் விருப்பத்துக்கு வைத்த சோதனையன்று. வர்த்தக விமானி ஆக வேண்டுமானால், விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று 300 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 550 கிலோமீட்டர், பறந்து, வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுமையாகத் தரையிறங்கி நிற்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. சக்கரம் ஓடுபாதையைத் தொட்டவுடன் மீண்டும் எழும்பிப் போவது தரையிறக்கமாகக் கணக்கில் வராது. கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டரே உள்ள நம் சிங்கப்பூர்த் தீவிலிருந்து, சிலேத்தார் விமான நிலையத்தில் எழும்பிய சில நிமிடங்களில் அடுத்த நாட்டின் வான்வெளி வந்துவிடும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முகவர்கள் பிழைப்பதும் அந்தத் தூரத்தில்தான்.

எஞ்சின் பற்றிய உங்கள் அச்சத்திற்கு வருகிறேன். செஸ்னா 172 எஞ்சினில் தீப்பொறி தரும் மாக்னெட்டோ இரண்டு உண்டு. ஒன்று பழுதானாலும் எஞ்சின் ஓடும். முழுவதுமாக நின்றுவிட்டாலும் விமானம் கல்லைப் போல விழாது. தரையிலிருந்து 5,000 அடி உயரத்தில் இருந்தால், காற்றில்லாத வேளையில் ஏறத்தாழ 7 கடல்மைல், அதாவது 13 கிலோமீட்டர், சறுக்கியபடியே இறங்கும். அந்தத் தூரத்துக்குள் இறங்க இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. நரோஜின் பக்கம் கோதுமை வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கும், இறங்கலாம். ஆல்பனியிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பன்பரி ஊர் வழியாகத் திரும்பினால் இடையே காடுகள் குறுக்கிடும். அங்கே இறங்க இடமில்லை. ஆகவே போன வயல்வெளி வழியாகவே திரும்புவதுதான் திட்டமா என்று மகளிடம் கேளுங்கள்.

வழி தவறுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிபிஎஸ் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, ரயில் பாதைகளும் தானியக் கிடங்குகளும் உப்பேரிகளும் மேலிருந்து தெளிவாகத் தெரியும். எரிபொருளும் தாராளம். ஆல்பனி போய்வர 400 கடல்மைலுக்குச் சற்று மேல். நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொட்டிகள் நிறைந்திருந்தால் சுமார் 200 லிட்டர் இருக்கும். அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். காட்டும் முள்ளை நம்பாமல், இறக்கையின்மேல் ஏறி, தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். நல்ல பயிற்றுநர் இதை முதல் வாரத்திலேயே பழக்கியிருப்பார்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாதவர் மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. மேகத்தைக் கண்டு திரும்பிவிட்டால் ஒன்றும் ஆகாது. திரும்பாமல் போகவைப்பது பெரும்பாலும் அறியாமையன்று, பணக் கவலைதான். திரும்பினால் மறுபடியும் பறக்க வேண்டும், அதற்கு அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்ற எண்ணம்.

நான் பயிற்சி பெற்ற காலத்தில், என் நீண்ட பயணத்தில், ஆல்பனிக்குச் சற்று வடக்கே உள்ள மவுண்ட் பார்க்கர் ஊரை நெருங்கியபோது, தென்கடலிலிருந்து வந்த தாழ்ந்த மேகம் ஆல்பனி முழுவதையும் வெள்ளைத் துணி போட்டதுபோல் மூடியிருந்தது. முழங்காலில் கட்டியிருந்த தாளின் ஓரத்தில், அந்தப் பயணத்துக்கு வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய தொகையை நானே காலையில் எழுதி வைத்திருந்தேன். மேகத்தைப் பார்ப்பேன், அந்த எண்ணைப் பார்ப்பேன். ஐந்து நிமிடம் அப்படியே முன்னால் போனேன். போயிருக்கக் கூடாது. பிறகு திரும்பி, நரோஜினுக்கும் ஆல்பனிக்கும் இடையே உள்ள கட்டானிங்கில் இறங்கி, விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, இரவு அங்கேயே தங்கினேன்.

இப்படித் திசைமாறி இறங்கினால் பயணம் கணக்கில் சேருமா? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. யாரும் பெற்றோருக்கு விளக்குவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். திட்டமிட்ட ஊருக்குப் போகாததாலேயே பயணம் வீணாகிவிடாது. அவள் நரோஜினில் முழுமையாக இறங்கி, அங்கிருந்து மவுண்ட் பார்க்கர் வரை போய்த் திரும்பி, கட்டானிங்கில் இறங்கி, அங்கிருந்து ஜண்டாகோட் வந்தால், பறந்த தூரம் சுமார் 370 கடல்மைல் ஆகிறது. இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கியும் ஆகிவிட்டது. ஆகவே கணக்கில் சேர வாய்ப்பு உண்டு. ஆனால் முதலில் நரோஜினில் இறங்காமல் மேலாகப் பறந்து போயிருந்தால், இறங்கியது கட்டானிங் ஒன்றுதான். தூரம் எவ்வளவு இருந்தாலும் சேராது. நரோஜின் தாண்டியதுமே திரும்பிவிட்டாலோ தூரம் குறைவு, அதுவும் சேராது. எனவே முதல் தரையிறக்கத்தைத் தொடக்கத்திலேயே முடித்துவிடும் வழியே நல்லது. திசைமாறிய பயணத்தைத் தலைமைப் பயிற்றுநர் எப்படிக் கணக்கிடுவார் என்பதை இப்போதே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பின்னால் கேட்டால் பள்ளி விமானத்துறை அதிகாரிகளைக் காட்டும், அதிகாரிகள் பள்ளியைக் காட்டுவார்கள். விதிகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அச்சாகியும், ஒரு தாய் கேட்கும் ஒரு கேள்விக்கு எளிய மொழியில் அரைப் பக்கம் எழுதிவைக்க இத்தனை ஆண்டுகளில் எந்த அலுவலகத்துக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

முகவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு தேக்கா காப்பிக்கடையில் ஒரு தந்தை தம் ஒப்பந்தத்தை என்முன் விரித்தார். மணிக்கட்டணத்துக்குப் பக்கத்தில் "டிரை" என்ற ஒரு சொல் சின்ன எழுத்தில் இருந்தது. எரிபொருள் தனி என்று அதற்குப் பொருள். அது சேர்ந்தால்தான் "வெட்" கட்டணம். தரையிறங்கும் கட்டணமும் அதில் சேரவில்லை. வானிலையால் திரும்பிவந்த பயணத்தை மறுபடி பறக்க அந்த ஒப்பந்தத்தில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அப்படி ஒப்பந்தம் எழுதுகிறவர்தான் மாணவரை மேகத்துக்குள் தள்ளுகிறார். பிறகு அதே ஆள் "பாதுகாப்பு" விற்க வருகிறார்.

அந்த 1,800 வெள்ளியைத் தனியே எடுத்து வையுங்கள். "திரும்பி வந்தால் மறுபயணத்துக்குப் பணம் தயாராக இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டாம்" என்று பயணத்துக்கு முன்பே மகளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

பறக்கும் நாளில் அவளுடைய சார்டைம், அதாவது பத்திரமாக வந்து சேர்ந்ததைத் தெரிவிக்க முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் கெடு நேரம், எத்தனை மணி என்று கேட்டு வையுங்கள். அந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்ததாக அவள் தெரிவிக்காவிட்டால், அதிகாரிகள் முதலில் தொலைபேசியில் விசாரித்து, பிறகு தேடத் தொடங்குவார்கள். விமானத்துறையில் நேரத்தை உலக நேரத்தில்தான் எழுதுவார்கள் என்பதால், தாளில் 0730 என்று இருந்தால் அது காலை ஏழரை அன்று; எட்டு மணி நேரம் கூட்டிப் பிற்பகல் 3.30 என்று கொள்ளுங்கள். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். கைப்பேசி வழிநெடுக எடுக்காது. மணிக்கணக்கில் பதில் வராவிட்டாலும் அது கெட்ட செய்தியன்று. தரையிறங்கியதும் அவள் முதலில் சார்டைமை ரத்து செய்துவிட்டுத்தான் உங்களை அழைக்க வேண்டும்; அதுவரை நீங்களாக அழைக்காதீர்கள்.