அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேரில் இருக்கும் குழந்தைகள் தத்துப்போகவும் நிலையான குடும்பம் கிடைக்கவும் நீதிமன்றங்களால் என்ன செய்ய முடியும்?

தத்தெடுப்பு வழக்குகளை நீதிமன்றம் எப்படி வேகப்படுத்தலாம் என்ற தொனியில் கேட்டிருக்கிறீர்கள். தத்தெடுப்பு விசாரணை என்கிற அந்தக் கடைசி நாள் ஏற்கெனவே வேகமாகத்தான் நடக்கிறது. பெரும்பாலும் கால் மணி நேரம். நீதிபதி நாலு கேள்வி கேட்பார், கையெழுத்துப் போடுவார், குழந்தை அவருடைய சுத்தியலை வாங்கித் தட்டிப் பார்க்கும், எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். இழுபறி எல்லாம் அதற்கு முந்தைய வருடங்களில். அதற்கான காரணத்தைத் தேடிப் போனால், குழந்தையைப் பெற்றோர் வீட்டிலிருந்து எடுத்து அரசு ஃபாஸ்டர் கேரில், அதாவது தற்காலிக வளர்ப்பு ஏற்பாட்டில், வைத்த முதல் இரண்டு மாதத்தில் யாரோ கேட்காமல் விட்ட ஒரு கேள்வியில் போய் நிற்கும். அதனால் என் பதில் கொஞ்சம் தலைகீழாக இருக்கும்: தத்தெடுப்பு நடக்க வேண்டும் என்று நினைக்கிற நீதிமன்றம் முதல் விசாரணைக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. இங்கே ஒரு மாநிலத்தில் சி.ஏ.எஸ்.ஏ. தன்னார்வலராக, அதாவது குழந்தைக்காகப் பேச நீதிமன்றமே நியமிக்கும் தன்னார்வலராக, கோர்ட்டுக்குப் போய்வருகிறவன். 1977இல் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி தொடங்கிவைத்த ஏற்பாடு இது. குழந்தையைப் பற்றிப் போதுமான தகவல் கையில் இல்லாமலே அதன் தலையெழுத்தை முடிவு செய்ய வேண்டியிருக்கிறதே என்பது அவர் கவலை. தன்னார்வலர் ஒருவருக்கு ஒரு குழந்தை, அல்லது ஒரே வீட்டு அண்ணன் தம்பி தங்கைகள். பள்ளி, டாக்டர், ஃபாஸ்டர் வீடு என்று நேரில் போய்ப் பார்த்து நீதிபதிக்கு அறிக்கை எழுத வேண்டும்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் நிலவரப்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 3.7 லட்சம் குழந்தைகள் ஃபாஸ்டர் கேரில் இருந்தார்கள். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தத்துக்குக் காத்திருப்பவர்கள். 1980இல் வந்த மத்திய சட்டம், குடும்பத்தைப் பிரிக்காமல் வைக்கவும் பிரித்தபின் சேர்க்கவும் அரசு 'நியாயமான முயற்சி' எடுத்ததா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்றது. ஆனாலும் குழந்தைகள் வருடக்கணக்கில் வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தார்கள். 1997இல் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் கெடு வைத்தது. குழந்தை கேருக்குள் வந்து 12 மாதத்துக்குள், அது கடைசியில் எங்கே வளரும் என்ற நிரந்தரத் திட்டத்துக்கான விசாரணை நடக்க வேண்டும். கடைசி 22 மாதத்தில் 15 மாதம் கேரில் இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையை ரத்து செய்ய அரசு மனுப் போட வேண்டும், சில விலக்குகளோடு. கெடுவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வைத்துவிட்டது. அது நிஜமாக நடக்கிறதா என்பது கோர்ட்டின் காலண்டரைப் பொறுத்தது.

இனி முதல் விசாரணைக்கு வருகிறேன். அன்றைக்கே தீர்க்க வேண்டியவை மூன்று: அப்பா யார், உறவினர் யார் யார், குழந்தை அமெரிக்கப் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்ததா.

அப்பா விஷயம்தான் அதிகம் சறுக்குகிறது. கல்யாணமாகாத அப்பாவுக்கும் குழந்தை மேல் உரிமை உண்டு, விசாரிக்காமல் அதைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் ஸ்டான்லி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பல கோப்புகளில் 'தந்தை: இருப்பிடம் தெரியவில்லை' என்ற ஒரே வரி அறிக்கைக்கு அறிக்கை அப்படியே நகல் எடுக்கப்பட்டு வரும். யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, ஃபாஸ்டர் பெற்றோர் தத்தெடுக்கத் தயாராக நிற்கும்போது, அந்த அப்பாவுக்கு நோட்டீஸ் போகவில்லை என்பது தெரியவரும். அங்கிருந்து மறுபடி முதல் படி.

நான் பார்த்த ஒன்று. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வழக்கமான நீதிபதி விடுப்பில் போக, வேறொரு நீதிபதி வந்திருந்தார். அறிக்கையைப் புரட்டினார், அந்த வரியில் நின்றார். வழக்கைக் கவனிக்கும் சமூகப் பணியாளரான கேஸ் வொர்க்கரைப் பார்க்காமல் நேராக அம்மாவைப் பார்த்து, சத்தியப்பிரமாணம் செய்யவைத்து, பையனின் அப்பாவைப் பற்றிக் கேட்டார்: "அவருடைய அம்மா உயிரோடு இருக்கிறாரா? எங்கே இருக்கிறார்?" அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. பெயரும் ஊரும் சொன்னார், பக்கத்து மாநிலம். அதுவரை ஏன் சொல்லவில்லை என்று அவருடைய வக்கீலே கேட்க, "யாரும் பாட்டியைப் பற்றிக் கேட்கலையே" என்றார். தனக்கு ஒரு பேரன் இருக்கிறான் என்பதே அந்தப் பாட்டிக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பையன் கடைசியில் அவரிடம்தான் போய்ச் சேர்ந்தான். ஆனால் நடுவில் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவதற்கான ஒப்பந்த நடைமுறை, அங்கே ஹோம் ஸ்டடி (குழந்தையை ஏற்கும் வீட்டைப் பற்றிய ஆய்வு), கைரேகைச் சோதனை என்று மாதங்கள் ஓடின. அதற்குள் அவன் ஃபாஸ்டர் அம்மாவை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தான். அந்த அம்மாளும் உடைந்துபோனார். முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு வீட்டிலும் இந்த அழுகை இருந்திருக்காது.

2008இல் வந்த சட்டப்படி, குழந்தையை எடுத்த 30 நாளுக்குள் வயதுவந்த உறவினர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல வேண்டியது அரசின் கடமை. கோர்ட் செய்ய வேண்டியது எளிது: 'தேடினோம்' என்ற சொல்லை ஏற்காமல், யாருக்கு எந்தத் தேதியில் கடிதம் போனது என்று பட்டியல் கேட்பது. ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த தடவையிலிருந்து பட்டியலோடுதான் வருவார்கள்.

பூர்வகுடிக் குழந்தைகளுக்கு 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை 7-2 என்ற கணக்கில் உறுதி செய்தது. பெற்றோர் உரிமையை ரத்து செய்யச் சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணம் வேண்டும், குழந்தையை வைப்பதில் உறவினருக்கும் இனக்குழுவுக்கும் முன்னுரிமை. வழக்குத் தொடங்கும்போதே அங்கிருக்கும் ஒவ்வொருவரிடமும் குழந்தை பூர்வகுடியா என்று நீதிபதி கேட்க வேண்டும் என்பது விதி. சடங்குபோலக் கேட்டுவிட்டுப் போனால், பின்னால் உத்தரவே செல்லாமல் போகக்கூடும்.

அடுத்து, பெற்றோருக்கு வக்கீல். இதைச் சொன்னால் சிலர் முறைக்கிறார்கள்: "தத்தெடுப்பு பற்றிக் கேட்டால் பெற்றோர் பக்கம் பேசுகிறீர்களே?" ஆமாம், பேசுகிறேன். உச்ச நீதிமன்றத்தின் 1981 லாசிட்டர் தீர்ப்பின்படி எல்லா வழக்கிலும் அரசு செலவில் வக்கீல் தர அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் தருகின்றன, ஆனால் எப்போது தருகின்றன என்பதில்தான் வித்தியாசம். முதல் நாளே நல்ல வக்கீல் கிடைத்த அம்மாவுக்கு, போதை மறுவாழ்வில் இடம் எப்போது கிடைக்கும், எந்தக் கெடுவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது புரியும். திரும்பப் போகக்கூடிய குழந்தை சீக்கிரம் திரும்பிப் போகும். நியூயார்க் நகரத்தில் வக்கீலோடு சமூகப் பணியாளரும் பெற்றோருக்கான வழிகாட்டியும் சேர்ந்த குழுக்கள் வாதாடிய வழக்குகளைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் குழந்தைகள் ஃபாஸ்டர் கேரில் இருந்த காலம் ஏறத்தாழ நான்கு மாதம் குறைந்திருந்தது. திரும்பிப் போக முடியாத குழந்தையின் வழக்கிலோ, எல்லா வாய்ப்பும் தரப்பட்டது என்பது பதிவில் இருக்கும். 1982 சான்டோஸ்கி தீர்ப்பின்படி பெற்றோர் உரிமையை ரத்து செய்யக் குறைந்தது தெளிவான, நம்பத்தக்க சான்றாவது வேண்டும். அந்தப் பதிவு திடமாக இருந்தால் அப்பீலில் உத்தரவு நிற்கும். அப்பீல் தொங்கிக்கொண்டிருக்கும்வரை தத்து நடக்காது என்பதால், இது குழந்தைக்குத்தான் லாபம்.

நடுக்கட்டத்தில் கோர்ட் செய்யக்கூடிய பெரிய காரியம், வாய்தா கொடுக்காமல் இருப்பது. வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வழக்கு, அறிக்கை நேற்று ராத்திரிதான் வந்தது, சிறையிலிருந்து அப்பாவை அழைத்துவர மறந்துவிட்டார்கள் என்று காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். மூன்று வாய்தா சேர்ந்தால் இரண்டு வயதுக் குழந்தையின் வாழ்நாளில் கால்வாசி. நான் மதிக்கிற நீதிபதிகள், ஆட்கள் எழுந்து போவதற்கு முன்பே எல்லோருடைய காலண்டரையும் எடுக்கச் சொல்லி அடுத்த தேதியைக் குறிப்பார்கள். யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதிய உத்தரவை அச்செடுத்து அங்கேயே கையில் கொடுத்துவிடுவார்கள். 'ஹோம் ஸ்டடியைத் தொடரவும்' என்ற உத்தரவுக்கும் '14ஆம் தேதிக்குள் ஹோம் ஸ்டடி தாக்கலாக வேண்டும், பொறுப்பு இன்னார்' என்ற உத்தரவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு குடும்பத்துக்கு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே நீதிபதி என்ற முறையும் பெரிதும் உதவும். (மேலே சொன்ன பாட்டியைக் கண்டுபிடித்தவர் மாற்று நீதிபதிதான் என்பது எனக்கும் தெரியும். புதுக் கண் ஒருநாள் உதவியது; அதை வைத்து வருடா வருடம் நீதிபதியை மாற்றச் சொல்ல முடியாது.)

15 மாதக் கெடு பற்றி என் கருத்து கலவையானது. கெடு இல்லாவிட்டால் வழக்கு நகராது, அது உண்மை. ஆனால் மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைக்கவே பாதிக் காலம் போய்விடும் ஊர்களில், அந்தக் கெடு பெற்றோரைவிட அரசின் சோம்பலுக்கே வசதியாக இருக்கிறது. தேவையான சேவைகளை அரசு தரவில்லை என்றால் மனுப் போடாமல் இருக்கச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 'நியாயமான முயற்சி எடுக்கப்படவில்லை' என்று நீதிபதி எழுதினால் அந்த வழக்குக்கான மத்திய நிதி நின்றுபோகக்கூடும் என்பதால், அதை எழுத யாருக்கும் கை வருவதில்லை. எப்போதாவது எழுதினால் அலுவலகமே விழித்துக்கொள்ளும்.

உரிமையை ரத்து செய்த பிறகு தத்தெடுக்க ஆள் இல்லை என்றால் என்ன? இதை முன்கூட்டியே யோசிக்காமல் ரத்து செய்யும்போதுதான் சட்டப்படி அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை என்கிற பதினைந்து வயதுப் பிள்ளைகள் உருவாகிறார்கள். திரும்பச் சேர்க்கும் முயற்சி நடக்கும்போதே மாற்றுத் திட்டத்தையும் கூடவே நகர்த்தும் முறை இதற்காகத்தான். கலிஃபோர்னியா 2005இலேயே, தத்துப்போகாத பிள்ளையின் பெற்றோர் உரிமையை மறுபடி உயிர்ப்பிக்கச் சட்டம் கொண்டுவந்தது; பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. தத்து வேண்டாம், ஆனால் பாட்டி வீட்டிலேயே இருக்கிறேன் என்கிற பிள்ளைக்கு, உதவித்தொகையோடு கூடிய கார்டியன்ஷிப் (சட்டப்படியான பாதுகாவலர் பொறுப்பு) இருக்கிறது. அதை இரண்டாந்தரமாகப் பார்க்கும் நீதிபதிகளும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வளர்ந்த பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு வரவழைத்துப் பேச வேண்டும். நிரந்தரத் திட்ட விசாரணையில் பிள்ளையின் வயதுக்கேற்றபடி அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2006இலிருந்தே சட்டம் இருக்கிறது. "எனக்குத் தத்து வேண்டாம்" என்று சொல்லும் பிள்ளையிடம் ஒரு நீதிபதி அடுத்ததாக "ஏன்?" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். தம்பியைப் பார்க்க விடமாட்டார்கள் என்று பயந்திருந்தது அந்தப் பெண். தத்துக்குப் பிறகும் தொடர்பில் இருக்க எழுத்து ஒப்பந்தம் போடலாம், பல மாநிலங்களில் கோர்ட்டே அதை அமல்படுத்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சும்மா 'குழந்தை மறுக்கிறது' என்று எழுதிவிட்டுத் தாண்டியிருந்தால் அவ்வளவுதான்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தேசியத் தத்தெடுப்பு நாள். 2000இலிருந்து நடக்கிறது, விடுமுறை நாளில் கோர்ட்டைத் திறந்து வரிசையாகத் தத்துகளை முடிப்பார்கள். எனக்குப் பிடித்த நாள்தான். ஆனால் அதற்காக ஆகஸ்டில் தயாரான வழக்கை நவம்பர்வரை நிறுத்தி வைப்பது கொடுமை.

கடைசியாக, நீங்களே ஃபாஸ்டர் பெற்றோராகத் தத்தெடுக்கும் யோசனையில் இருந்தால் இரண்டு விஷயம். விசாரணைக்கு உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், அங்கே பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேஸ் வொர்க்கர் "வர வேண்டிய அவசியமில்லை" என்றாலும் போங்கள். தத்தெடுப்பு உதவித்தொகை ஒப்பந்தம் இறுதி உத்தரவுக்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்குவது படாதபாடு. சில நீதிபதிகள் கையெழுத்துப் போடுமுன் இதை வாய்விட்டே கேட்பார்கள். உங்கள் நீதிபதி கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.