கேள்வி – பதில்: புது வீட்டில் காதைக் குத்தும் வயலின்

கேள்வி: காட்பாடியில் ஓட்டு வீட்டில் இருந்தவரை, என் ஸ்டீரியோவில் கச்சேரி கேட்பது சுகமாக இருந்தது. தை மாதம் சத்துவாச்சாரியில் புது வீட்டுக்குக் குடிவந்தோம். அதே ஆம்பிளிஃபயர், அதே ஸ்பீக்கர்கள்தான். ஆனால் வயலின் மேல்ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்துகிறது, பாடகர் ‘ஸ’ என்று உச்சரிக்கும்போதெல்லாம் ஒரு சீறல் எழுகிறது. கடைக்காரர் ஆம்பிளிஃபயரையும் ஸ்பீக்கர் ஒயரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? கூடத்தின் படத்தை இணைத்துள்ளேன்.
– வாசகர் ஒருவர், வேலூர்

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் அதே ஆம்பிளிஃபயரில் ஹெட்ஃபோனை மாட்டி, அதே பாட்டைக் கேளுங்கள். அதிலும் சீறல் இருந்தால் பதிவையோ கருவியையோ சந்தேகிக்கலாம். இல்லையென்றால் கோளாறு கூடத்தில்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்தவரையில் என் சந்தேகம் முழுவதும் கூடத்தின் மீதே. பளபளக்கும் டைல்ஸ் தரை, வெறும் சுவர்கள், திரையில்லாத பெரிய கண்ணாடி ஜன்னல், ஸ்பீக்கர்களுக்கும் சோபாவுக்கும் நடுவில் கண்ணாடி டீப்பாய்: இவற்றில் ஒன்றுகூட உச்ச ஸ்தாயி ஒலியை உள்வாங்குவதில்லை. நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் ‘ட்ரிங்’ என்று ஓர் அதிர்வு தொடர்ந்தால், அதுதான் வயலினோடும் சேர்ந்துகொள்கிறது.

ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்வதால், சுவரில் மோதி ஆறடி கூடுதலாகச் சுற்றி வரும் ஒலி, நேராக வரும் ஒலிக்கு ஏறக்குறைய 5 மில்லி வினாடி பிந்திக் காதை எட்டுகிறது. இவ்வளவு குறுகிய இடைவெளியைத் தனி எதிரொலியாகக் காது பிரித்தறியாது; வாத்தியத்தின் குரலே கூர்மையாகிவிட்டதாகத் தோன்றும். ‘ஸ’வின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் இருப்பதால் அதுவே முதலில் உறுத்துகிறது.

நீங்கள் வழக்கமான இடத்தில் அமர்ந்துகொண்டு, பக்கச் சுவரை ஒட்டி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். எந்த இடத்தில் ஸ்பீக்கர் அதில் தெரிகிறதோ, அங்குதான் ஒலி மோதி உங்களிடம் திரும்புகிறது; அங்கே புத்தக அலமாரியையோ, நிறைய மடிப்பு விழும்படி கனத்த பருத்தித் திரையையோ வையுங்கள். வேலூர் வெயிலில் கம்பளம் விரிக்கச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஸ்பீக்கர்களுக்கு முன்னால் தடித்த ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலே போதும். டீப்பாயைக் கேட்கும் நேரத்தில் ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் சோபாவை நேராகக் குறிபார்க்கின்றன. ஸ்பீக்கருக்குள் உச்ச ஸ்தாயியை எழுப்பும் சிறிய பகுதியான ட்வீட்டரின் ஒலி நேர்முகமாகத்தான் மிகவும் உரத்துக் கேட்கும் என்பதால், அவற்றைச் சிறிது சிறிதாக வெளிப்பக்கம் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே பாட்டைக் கேளுங்கள். பின்சுவருக்குச் சற்று அருகே தள்ளினால் பேஸ் (கீழ் ஸ்தாயி ஒலி) கூடி, டிரெபிளின் (மேல் ஸ்தாயி ஒலியின்) ஆதிக்கம் குறையும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், மொத்தென்று குழம்பத் தொடங்கினால் பழையபடி முன்னே இழுத்துவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உறுத்தல் கொஞ்சம் மிஞ்சினால் ஆம்பிளிஃபயரின் டிரெபிள் குமிழை ஒரு கோடு குறையுங்கள். அதைத் தொடுவது பாவம் என்று நினைக்கும் நண்பர்கள் சிலர் எனக்கும் உண்டு; குமிழ் இருப்பதே திருகுவதற்குத்தான்.