கனடா போகும் அம்மாவுக்கு ஹெல்த் கார்ட் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 68 வயது. பிரஷர், சீனி வருத்தம் இரண்டும் இருப்பதால் களுபோவில ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கிளினிக். ஸ்காபரோவில் இருக்கும் தம்பி, பெற்றோரைக் கூப்பிடுவதற்கான சுப்பர் விசாவில் கூப்பிடுகிறான். "ஐந்து வருஷம் நிற்கலாம், போனதும் ஹெல்த் கார்ட் எடுத்தால் வைத்தியம் எல்லாம் இலவசம்" என்கிறார் பக்கத்து வீட்டு அன்ரி. உண்மையா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஐந்து வருஷம் என்பது சரி, 2022 ஜூலையில் இருந்து ஒரு தடவை உள்ளே போனால் அவ்வளவு காலம் நிற்கலாம். ஹெல்த் கார்ட் கதைதான் பிழை. ஐந்து வருஷம் நின்றாலும் சுப்பர் விசாவில் போகிறவர் விசிட்டர்தான், விசிட்டருக்கு ஓஹிப் கிடையாது. ஓஹிப் என்பது ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாண அரசின் வைத்தியக் காப்புறுதி, ஹெல்த் கார்ட் அதற்கான அட்டைதான். மகன் சிட்டிசனா, வருஷம் எவ்வளவு வரி கட்டுகிறான் என்றெல்லாம் அங்கே பார்க்கமாட்டார்கள், அம்மாவின் கையில் என்ன பேப்பர் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். நமக்கு இது மண்டையில் ஏறக் கஷ்டம், ஏனென்றால் களுபோவிலவில் நம்பர் எடுத்து வாங்கில் இருந்தால் மத்தியானத்துக்குள் மருந்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம், யாரும் பில் நீட்டுவதில்லை.

அதனால்தான் சுப்பர் விசாவுக்கே தனியார் காப்புறுதி கட்டாயம், குறைந்தது 1,00,000 கனேடிய டொலருக்கு, ஒரு வருஷத்துக்கு. தம்பி விலை குறைந்ததாகத் தேடுவான், அது இயல்பு. ஆனால் விலையைப் பார்க்க முதல், ஏற்கெனவே உள்ள வருத்தங்களைப் பற்றி பொலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். சில பொலிசிகளில் அந்த வருத்தங்களுக்குக் காப்பு அறவே இல்லை. இருக்கும் பலவற்றிலும், காப்புறுதி தொடங்குவதற்கு முன் 90 நாளோ 180 நாளோ அந்த வருத்தம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். மாற்றம் என்றால் வருத்தம் கூடுவது மட்டும்தான் என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. கிளினிக்கில் டொக்டர் ஒரு குளிசையின் அளவைக் கூட்டி எழுதினாலே அதுவும் மாற்றம்தான், சில பொலிசிகளில் குறைத்தாலும் அப்படித்தான்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிளேன் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பு பிரஷர் குளிசையை மாற்றியிருந்தார்கள், வீட்டில் ஒருவரும் அதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. அங்கே போய் நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். காப்புறுதிக் கம்பனி கொழும்பிலிருந்து கிளினிக் கொப்பியின் பிரதியைக் கேட்டு வாங்கி, அந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டு, காசு தரமுடியாது என்று கடிதம் போட்டது. அண்ணா அந்த பில்லை ஒன்றரை வருஷமாகத் தவணையில் கட்டி முடித்தான். பெரியம்மா இப்போதும் பனியைத்தான் குறை சொல்கிறார்.

இதற்காக டொக்டர் கூட்டித்தரும் மருந்தை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், மருந்து மாறினால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். போர்மில் வருத்தத்தை மறைக்கவும் வேண்டாம், க்ளெய்ம் பண்ணும்போது முதலில் தோண்டுவது அதைத்தான். கிளினிக் கொப்பியைப் பிரதி எடுத்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள். ஒரு வருஷம் முடிந்ததும் காப்புறுதியைப் புதுப்பிக்க தம்பியின் போனில் இப்போதே ஒரு அலாரம் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஹெல்த் கார்ட்தான் வேண்டும் என்றால் தம்பி அம்மாவை பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவுரிமைக்கு, ஸ்பொன்சர் செய்ய வேண்டும். அதற்கு நினைத்த நேரம் விண்ணப்பிக்க முடியாது, அழைப்பு வரவேண்டும். வந்து பி.ஆர். கிடைத்தால் ஒன்ராறியோவில் உடனேயே ஓஹிப் எடுக்கலாம், முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். 65 தாண்டியவர் என்பதால் பெரும்பாலான குளிசைகளுக்கும் அரசு உதவி உண்டு. ஆனால் கார்டை எடுத்துக்கொண்டு நல்லூர்த் திருவிழா, பேரனின் கல்யாணம் என்று இங்கேயே எட்டு மாதம் நின்றால் சரிவராது, 12 மாதத்தில் 153 நாளாவது ஒன்ராறியோவில் இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. விசிட்டராகப் போய் அகதிக் கோரிக்கை வைத்தால் மத்திய அரசின் வைத்திய உதவி கிடைக்கும் என்று யாராவது அம்மாவுக்கு யோசனை சொல்வார்கள். அப்படி ஒரு திட்டம் இருப்பது உண்மைதான், ஆனால் அது உயிருக்குப் பயந்து போனவர்களுக்கானது. குளிசைக்காக அந்தக் கோரிக்கையை வைத்து, அது தள்ளுபடியானால், பிறகு பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் வழியும் அடைபடலாம்.

கேள்வி: மகள் அமெரிக்க சிட்டிசன். எனக்கு கிரீன் கார்ட் கிடைக்கப் போகிறது. வருமானம் இல்லாதவருக்கு மெடிக்கெய்ட் என்ற அரசு வைத்திய உதவி உண்டு என்கிறார்களே?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு, ஆனால் உங்களுக்கு உடனே இல்லை. 1996-இல் வந்த சட்டப்படி, கிரீன் கார்டில் வரும் பெரியவர்கள் பொதுவாக ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். அது முடிந்த பிறகும் ஸ்பொன்சர் செய்த மகளின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம், அதோடு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 65-க்கு மேற்பட்டவர்களுக்கான மெடிக்கெயர் என்ற அரசுக் காப்புறுதி வேறு விஷயம். அங்கே வேலை செய்து வரி கட்டாதவர்களும் ஐந்து வருஷம் தொடர்ந்து வசித்தால் மாதாமாதம் பிரீமியம் கட்டிச் சேரலாம், பிரீமியம் மலிவில்லை. அதுவரை மகள் உங்களுக்கு ஒரு காப்புறுதி வாங்கித் தரவேண்டும். எமர்ஜென்சிக்குப் போனால் ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் பில் அனுப்பக்கூடாது என்று சட்டம் இல்லை.

கேள்வி: லண்டனில் படிக்கப் போகிறேன். விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண் ஹெல்த் சார்ஜ் கட்டச் சொல்கிறார்கள். வருத்தமே வராவிட்டால் காசு திரும்ப வருமா? அம்மா என்னைப் பார்க்க வந்தால் அவருக்கும் அது செல்லுமா?
- மாணவன், தெஹிவளை

பதில்: வராது தம்பி. விசா மறுக்கப்படுவது போன்ற சில சந்தர்ப்பங்களில்தான் திரும்பத் தருவார்கள். கட்டியபின் அங்கே குடியிருப்பவரைப் போலவே ஆஸ்பத்திரி பார்க்கலாம், போனதும் பக்கத்து ஜி.பி.யில், அதாவது குடும்ப டொக்டரிடம், பதிந்துகொள். பல்லுக்கும் கண்ணாடிக்கும் தனியாகக் கட்ட வேண்டும், லண்டனில் மருந்துக்கும்தான். அம்மாவுக்கு அது செல்லாது. ஆறு மாத விசிட் விசாவில் வருபவரை ஆஸ்பத்திரியில் அனுமதித்தால் சாதாரணக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு கேட்பார்கள், 500 பவுணோ அதற்கு மேலோ கட்டாமல் விட்டால் அடுத்த விசாவும் மறுக்கப்படலாம். அம்மாவின் டிக்கெட்டோடு சேர்த்து பயணக் காப்புறுதியும் எடு, வெள்ளவத்தை வாசகிக்கு மேலே சொன்ன 90 நாள், 180 நாள் கதையையும் ஒருதரம் வாசித்துவிட்டு எடு.