கண்ணாடி போட்டாயிற்று, விழித்திரையையும் பார்க்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை என்றார்கள். அன்றிலிருந்து இன்சுலின் போடுகிறோம். போன மாதம் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றாள். கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி வாங்கினோம். இரண்டே வாரத்தில் அதுவும் சரியில்லை என்கிறாள். டாக்டர் விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறார். மாமியார் பொன்னாங்கண்ணிக் கீரை போதும் என்கிறார். இந்த வயதிலேயே சர்க்கரை கண்ணைத் தொடுமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: முதலில் அந்தக் கண்ணாடி. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் நீர் கோத்து உப்பும், பிறகு வடியும். கூடவே பவரும் மாறும். கடைக்குப் போன வாரம் அளவு 300, 350 என்று ஓடியதா? சர்க்கரை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஓடியிருந்தால், சில வாரம் நிலையாக நின்ற பிறகு பவர் பார்ப்பதுதான் சரி. அரிதாகச் சில பிள்ளைகளுக்குக் கண்புரையும் வரும் என்பதால், இந்த முறை கடை வேண்டாம், கண் டாக்டரிடமே போங்கள்.

விழித்திரை வேறு கதை. அங்கே ரத்தக்குழாய்கள் பழுதாகத் தொடங்கும்போது வலிக்காது, பார்வையும் குறையாது. ‘எனக்கு நல்லாத்தான் தெரியுது’ என்று அவள் சொல்வதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. 13 வயதில் பார்வையைப் பறிக்கும் அளவுக்கு முற்றியிருப்பது மிக அபூர்வம்; தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வயது 11-ஐத் தாண்டி, நோய் வந்தும் ஐந்து வருடமாகிவிட்டது. டைப் 1 பிள்ளைகளுக்கு முதல் பரிசோதனை செய்யும் கட்டம் இதுதான். (டைப் 2 என்றால் காத்திருப்பே கிடையாது, நோய் தெரிந்த உடனே பார்க்க வேண்டும்.) எல்லாம் சரியாக இருந்தால், அடுத்தது பெரும்பாலும் இரண்டு வருடம் கழித்துத்தான்.

பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டதும் லேசாக எரியும். கண்மணி விரிய அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். அப்புறம் நாலைந்து மணி நேரம் புத்தக எழுத்து கலங்கும், வெயில் கூசும். பரீட்சைக்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். கையோடு ஒரு தொப்பி எடுத்துப் போங்கள்.

கீரை தாராளமாகக் கொடுங்கள், இன்சுலினோடு. 1993-ல் வெளியான டிசிசிடி என்ற அமெரிக்க ஆய்வில் 13 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியதால், விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெகுநாள் ஏறிக்கிடந்த சர்க்கரையை மளமளவென்று இறக்கினால், ஏற்கெனவே இருக்கும் பாதிப்பு கொஞ்ச காலம் கூடலாம். அதனால் முதலில் கண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, பூப்பெய்தும் வயதில் ஹார்மோன்களே இன்சுலினோடு மல்லுக்கட்டும். அளவு ஏறினாலே ‘எதையோ திருட்டுத்தனமாகத் தின்றாய்’ என்று திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை நோட்டில் பொய்க் கணக்கு எழுதும்.

விழித்திரையைப் படம் எடுத்தால் ஒரு பிரதி கேட்டு வாங்கி, சர்க்கரை ஃபைலிலேயே வையுங்கள். அடுத்த முறை டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.