சகிப்பின்மை என்றால் என்ன? எப்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்?

தன்னிலிருந்து வேறுபட்ட கருத்தோ நம்பிக்கையோ வாழ்க்கைமுறையோ இருக்கவே கூடாது என்று மறுக்கும் மனப்போக்குதான் சகிப்பின்மை. "எனக்கு அது பிடிக்காது" என்பது வெறும் விருப்பம். "எனக்குப் பிடிக்காததை நீயும் செய்யக் கூடாது" என்று ஒருவர் மிரட்டும்போதுதான் இந்தச் சொல் பொருந்தும். மதச் சகிப்பின்மை, அரசியல் சகிப்பின்மை என்று பெரும்பாலும் அடைமொழியோடு வரும். (பாலிலுள்ள சர்க்கரை சிலருக்குச் செரிக்காததை லாக்டோஸ் சகிப்பின்மை என்பார்கள். அதற்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை.)

சரி, இது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பயத்திலிருந்து. தான் பழகிய வழி ஒன்றே சரி என்று வளர்ந்தவருக்கு, அடுத்தவர் வேறு வழியில் நிம்மதியாக வாழ்வதே உறுத்தும். தன் வழியை யாரோ கேள்வி கேட்பதுபோல் இருக்கும். அப்புறம் அறியாமையும் சேர்ந்துகொள்ளும். தன் செருப்பு அடுத்தவர் காலுக்குச் சேரவில்லை என்றால் காலைக் குறை சொல்வது மாதிரிதான்.

சகிப்புத்தன்மை என்றால் அநியாயத்தையும் பொறுத்துப்போவது என்று பலர் நினைக்கிறார்கள். சமூக அநீதியைச் சகிப்பதோ சொந்தக் கொள்கையைக் கைவிடுவதோ அதன் பொருளல்ல என்று யுனெஸ்கோவின் 1995ஆம் ஆண்டுப் பிரகடனமே சொல்கிறது.